பத்தொன்பது விநாடி

மேசைமேல் மூன்று தண்ணீர்க் குவளைகளாம், மூன்று பேராம்,
ஒலிவாங்கி இரண்டுதானாம்.
திபிலீசியில் ஒரு பழைய காலுறைத் தொழிற்சாலை,
இரண்டாம் மாடி, பிப்ரவரி.
நான் அந்த அறையில் இல்லை.
மறுநாள் ஒலிக்கோப்பு வந்தது, கூடவே ஒரு குறிப்பு:
இருமல், திக்கல், இடைவெளி நீக்கித் தட்டச்சு செய்க.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.

நெறியாளர் எல்லாரும் கேட்பதையே கேட்கிறார்:
உங்கள் உந்துதல் எது?

ஜும்பர் முந்திக்கொள்கிறார்.
என்னை எதுவும் உந்தவில்லை, லிஃப்ட்கூட.
எங்கள் கட்டடத்தில் காசு போட்டால்தான் அது ஏறும்.
அன்று சில்லறை இல்லை, ஒன்பது மாடியும் நடந்தேன்.
ஏழாவதில் மூச்சு வாங்க நின்றால்
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ போட்ட நாணயம்
விழுகிறது, விழுகிறது,
விழுந்து முடியவே இல்லை.
அன்றிலிருந்து ஊரின் லிஃப்ட் உண்டியல்களை
ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறாராம்.
நானூற்றுப் பன்னிரண்டு ஆகியிருக்கிறது.
சிரிப்பு.
சிரிப்பை என்ன செய்வதென்று குறிப்பில் இல்லை,
வைத்துக்கொண்டேன்.

க்வான்ட்சாவுக்குக் கேள்வியே பிடிக்கவில்லை.
காலையில் எழுந்ததும் கத்தரிக்கோலைத் தேடுவேன், என்கிறாள்,
அது கிடைப்பதற்குள் மதியமாகிவிடும்.
தேடும்போது கையில் அகப்பட்டதை எல்லாம் ஒட்டுவேன்:
மின்கட்டண ரசீது, வெங்காயச் சருகு,
காதலன் விட்டுப்போன மூட்டுவலிப் பட்டை.
வேலை அவ்வளவுதான்.
கத்தரிக்கோலை நானே ஒளித்துவைப்பதில்லை என்று மட்டும்
சத்தியம் வாங்காதீர்கள்.

அப்புறம் நானூலி.
ஒலிவாங்கி அவரிடம் வரும்போது கரகரவென்று ஒரு சத்தம்,
கம்பளிச் சட்டையாக இருக்கும்.

நாற்பது டப்பா நீலம், என்கிறார்.
ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியது,
முகவரி மாறி என் வாசலில் இறங்கிற்று.
கேட்டு யாரும் வரவில்லை.
நானும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.
ஆறு வருடம் அதில்தான் வரைந்தேன்.
கருங்கடல் என்று எழுதினார்கள், துக்கம் என்று எழுதினார்கள்.
என் அம்மாவின் கண் என்றார் ஒருவர்,
அம்மாவுக்குப் பழுப்புக் கண்.
உண்மையில் அது
சிறுநீர்ச் சோதனைக்கூடத் தாழ்வாரத்துக்கு வந்த நீலம்.

இப்போது, என்கிறார் நெறியாளர்.

ஒரு டப்பா மிச்சம்.
இன்னும் திறக்கவில்லை.

அதற்கப்புறம் பத்தொன்பது விநாடி.

நீக்கச் சொன்ன இடம் இதுதான்.
விரல் விசைமேல் போய் நின்றது, அழுத்தவில்லை.
செவிப்பொறியைக் காதோடு சேர்த்து அழுத்தி
மறுபடி ஓடவிட்டேன்.
வெந்நீர்க் குழாய் முனகுகிறது.
யாரோ சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தவர்
பாதியில் நிறுத்துகிறார்.
கீழே தெருவில் நாய்.
குவளை விளிம்பில் ஒரு நகம் தட்டுகிறது.
கொஞ்சம் பொறுத்து
அதே இடத்தில் இன்னொரு தட்டு.

ஐந்து தடவை கேட்டேன்.
ஐந்தாம் தடவைதான் தெரிந்தது
அவர் ஏதோ சொல்ல வாய் திறந்து
காற்றை மட்டும் இழுத்துக்கொண்டது.

பிறகு நீக்கினேன்.
இப்போது வாசித்தால்
'இன்னும் திறக்கவில்லை' என்றதும்
'அடுத்த கண்காட்சி எப்போது' என்று ஒட்டிக்கொண்டு வருகிறது,
'இலையுதிர் காலத்தில்' என்கிறார் நானூலி,
வெடுக்கென்று, தயாராக இருந்தவர் போல.
பதினோரு பக்கம்.
கூலி வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது.

ஏப்ரலில் எனக்கு முதுகுக்குக் கீழே ஒரு வலி.
பரிசோதிக்கச் சொன்னார்கள், போனேன்.
அதே ஆஸ்பத்திரியா என்று தெரியாது,
இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை.
தாழ்வாரம் முழுக்க மஞ்சள், இடுப்புயரத்துக்கு உரிந்து,
அடியில் பழைய பச்சை,
அதற்கும் அடியில் காரை.
மூடிய சின்னக் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு
எதிர்ச்சுவரையே பார்த்திருந்தேன்.
நீலம் அடித்திருந்தால்
எதுவரை அடித்திருப்பார்கள் என்று
கண்ணாலேயே ஒரு கோடு போட்டேன்.
சன்னல் வரை போயிருந்தது கோடு.

இருபத்திரண்டு என்று கூப்பிட்டார்கள்.
நான்தான்.